ஏட்டுச் சுரைக்காயும் இசையேடும்

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது நம் முன்னோர் மொழி. எழுத்தில் மட்டும் இருந்து வாழ்வுக்கு வந்து சேராத அறிவை இடித்துரைக்க இதைவிட எளிய சொல் இல்லை. மறைக்கல்வி வகுப்பிலும் மறையுரையிலும் நாமே இதைப் பலமுறை கையாண்டிருக்கிறோம். அதே பழமொழி நம்மைத் திருப்பிக் கேள்வி கேட்ட நாளும் ஒன்று வந்தது. கணினியில் எழுதப்பட்ட ஓர் இசையேடு அதற்குக் காரணமாயிற்று.

பூவிருந்தவல்லிக்கும் போரூருக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்தது காட்டுப்பாக்கம். வயல்கள் இருந்த இடங்களில் இன்று அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன; சாலை நடுவே மெட்ரோ தூண்கள் நிற்கின்றன. அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் போரூர்ப் பக்கத்துக் கணினி நிறுவனங்களுக்கும் வேலைக்குச் செல்வோர் இங்கு மிகுதி. நெல்லையிலிருந்தும் குமரியிலிருந்தும் வேலூர்ப் பக்கமிருந்தும் வந்து குடியேறியவர்கள் தத்தம் ஊர்க் கோவிலின் பாடல்களையும் நெஞ்சில் சுமந்து வந்தார்கள்.

இங்கு நம் பங்கின் பாடற்குழுவில் ஓர் இளைஞர் இருக்கிறார். பகலில் அலுவலகப் பணி. இரவில் மியூஸ்கோர் என்னும் இலவச இசைக்குறியீட்டு மென்பொருள். ஓராண்டுக் காலம் கண்விழித்து, உயிர்ப்புப் பெருவிழாவுக்கென ஒரு பாடலை அவர் இயற்றினார். சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் ஆகிய நான்கு குரல்களுக்கும், வயலின், செல்லோ, புல்லாங்குழல், தாளக் கருவிகள் ஆகியவற்றுக்கும் தனித்தனி வரிகள் வகுத்து, பதினான்கு தடங்கள் கொண்ட இருபத்திரண்டு பக்க இசையேடாக அச்சிட்டு நம் மேசைமீது வைத்தார். பிறகு கணினியை இயக்கினார். அதைக் கேட்டு நம் கண் கலங்கியது என்பதை மறைப்பானேன்?

வயலினும் செல்லோவும் வாசிக்க நம்மிடம் ஆள் இல்லை. எனவே கருவியிசையைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் விடுவதென்றும், பாடற்குழு அதனுடன் சேர்ந்து பாடுவதென்றும் முடிவாயிற்று. திருவழிபாட்டில் தானியங்கிக் கருவிகளையும் ஒலிப்பதிவுகளையும் பயன்படுத்தலாகாது என்று திருச்சபையின் அறிவுரை 1958-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாளிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. குருமடத்தில் அதைப் படித்துத் தேர்வும் எழுதியவர்தாம் நாம். ஆயினும் இசைவு தந்தோம். குறை நம்முடையது, அந்த இளைஞருடையது அன்று.

பாஸ்கா திருவிழிப்பு இரவில் பாடல் பிழையின்றி ஒலித்தது. பதினேழு பேர் பாடினார்கள். கோவில் நிறைய மக்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். திருப்பலி முடிந்ததும் எழுபது வயது கடந்த மூதாட்டி ஒருவர் நம் கைகளைப் பற்றிக்கொண்டு, "சாமி, பாட்டு ரொம்ப நல்லா இருந்துச்சு. ஆனா நாங்க எப்ப பாடுறது?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதனாலேயே அக்கேள்வி நம்மை விட்டு அகலவில்லை.

இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு விடை தேடும் முயற்சி. அந்த இசையேட்டை எடுத்துவைத்துக்கொண்டு, அதன் நிறையையும் குறையையும் அதை எழுதியவருடன் அமர்ந்தே ஆய்ந்தோம். அவருடைய இசைவுடன் அவற்றை இங்கே வாசகர் முன் வைக்கிறோம்.

கருவி தரும் நன்மை

முதலில் மென்பொருளுக்குரிய நியாயத்தைச் சொல்லிவிடுவோம். இசையைக் கணினியில் எழுதும் கலைக்கு வயது ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். 1988-இல் ஃபினாலே என்னும் மென்பொருள் அமெரிக்காவில் வெளிவந்தது. 1993-இல் இங்கிலாந்தின் இரட்டைச் சகோதரர்களான பென் ஃபின், ஜோனதன் ஃபின் ஆகியோர் சிபேலியஸ் என்பதை வெளியிட்டனர். 2002-இல் ஜெர்மானியரான வெர்னர் ஷ்வெர் தொடங்கிய மியூஸ்கோர், எவரும் விலையின்றிப் பெறத்தக்கதாய் வளர்ந்தது. ஏழைப் பங்குகளின் பாடற்குழுவுக்கு இந்த விலையின்மை எளிய கொடையன்று.

கையால் எழுதிய காலத்தை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். காட்டுப்பாக்கத்திலிருந்து போரூர் சென்று ஆற்காடு சாலையைப் பிடித்தால் வடபழனி, கோடம்பாக்கம் என்று திரையிசை பிறந்த இடங்கள் வரிசையாய் வரும். அங்கே இசையமைப்பாளர் எழுதித் தந்த முழு ஏட்டிலிருந்து, ஒவ்வொரு வயலின் கலைஞருக்கும் உரிய வரியைப் பிரித்துக் கையால் படியெடுப்பதே பலருக்குத் தொழிலாக இருந்தது. படியெடுப்பதில் ஒரு சுரம் பிழைத்தால் முப்பது பேரும் நிறுத்திக் காத்திருக்க வேண்டும். இன்று முழு ஏட்டை ஒருமுறை எழுதினால், டெனர் பாடுவோருக்கான தனிப்பிரதி தானே பிரிந்து வருகிறது. முழு ஏட்டில் ஒரு சுரத்தைத் திருத்தினால் தனிப்பிரதியிலும் திருத்தம் ஏறிவிடுகிறது. சுருதியைக் குறைக்க வேண்டுமா? ஒரு கட்டளையில் இருபத்திரண்டு பக்கமும் இறங்கிவிடும். குரலுக்கு எட்டாத சுரத்தை எழுதினால் அது சிவந்து எச்சரிக்கை செய்யும். இசைக்கல்லூரி வாயிலை மிதிக்காத ஓர் இளைஞர் நான்கு குரல்களின் இணைவைத் தாமே கேட்டுத் தாமே திருத்திக் கற்கிறார் என்றால், அது இக்கருவியின் பேருதவி.

பொறி அறியாத தமிழ்

இனிக் குறைகளுக்கு வருவோம். முதற்குறை மொழியில் இருந்தது. மென்பொருளில் சுரத்தின் கீழ்ச் சொற்களை எழுதும்போது, ஒவ்வொரு சுரத்துக்கும் உரிய ஒலித்துண்டை இடைக்கோடிட்டுப் பிரித்துத் தரவேண்டும். 'ஆண்டவர்' என்னும் சொல்லை நம் இளைஞர் ஆ, ண், ட, வ, ர் என எழுத்தெழுத்தாய்ப் பிரித்து ஐந்து சுரங்களுக்குக் கொடுத்திருந்தார். பொறி அதை மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது. ஏனெனில் அதற்குத் தமிழ் தெரியாது. 'ண்' என்னும் மெய்யெழுத்துக்கு ஒரு முழுச் சுரம்! அதை எவர் பாட இயலும்? ஒத்திகையில் பாடற்குழுவினர் தம்மையறியாமலே அந்தச் சுரத்தை விழுங்கினார்கள். பதிவான கருவியிசையோ அதை விடாமல் ஒலித்தது. அந்த இடத்தில் ஏற்பட்ட தடுமாற்றத்துக்குப் பயிற்சிக் குறைவு என்று பெயரிட்டோம். உண்மையில் அது இலக்கணப் பிழை. புள்ளியெழுத்து தனித்து அசையாகாது, முன்னெழுத்தோடு ஒட்டியே நிற்கும் என்பது யாப்பின் முதற்பாடம். ஆண், ட, வர் என மூன்று சுரங்களே அச்சொல்லுக்குப் போதும்.

இரண்டாவது குறை குறில் நெடிலைப் பற்றியது. பாடலின் ஓரிடத்தில் இறைவனுக்கு 'மனம் தந்தேன்' என்ற பொருளில் ஓர் அடி வருகிறது. மெட்டின் அழகு கருதி 'ம' என்னும் குறிலை நான்கு அட்சரம் நீட்டி, அடுத்த எழுத்தை அரை அட்சரத்தில் முடித்திருந்தார். கணினி அதைக் குழலின் ஒலியில் இசைத்தபோது மிக இனிமையாகவே இருந்தது. மனிதக் குரல் பாடியபோதோ 'மானம் தந்தேன்' என்று கேட்டது. நெஞ்சைக் காணிக்கையாக்கிய அடியவர், நொடியில் மானத்தை இழந்தவர் ஆனார். கலம் காலமாவதும், வனம் வானமாவதும் இப்படித்தான்.

இசையில் எழுத்து தன் அளவைக் கடந்து ஒலிக்கும் என்பதைத் தொல்காப்பியமே நூன்மரபில் ஒப்புகிறதே என்று கற்றறிந்த வாசகர் கேட்கலாம். உண்மை. ஆனால் நல்ல பாடகர் சொல்லை முதலில் அதன் இயல்பான அளவில் நிலைநிறுத்தி, பொருளைக் கேட்போர் செவியில் சேர்த்த பின்னரே நீட்டி விரிக்கிறார். மரபாகப் பாடப்படும் பாடல்களில் இந்த ஒழுங்கு எழுதப்படாமலே காக்கப்படுகிறது. குழலொலியில் இசைத்துக் காட்டும் பொறிக்குச் சொல் இல்லை. ஆகவே சொல்லுக்கு நேரும் தீங்கை அது நமக்குக் காட்டித் தராது. தமிழுக்கு மெட்டமைப்போர், மென்பொருளில் கேட்பதற்கு முன் தம் வாயால் பாடிப் பார்த்தே தீரவேண்டும் என்பது நாம் கண்ட முதல் உண்மை.

மூன்றாவது குறை மூச்சு. பதினாறு பார்கள், அதாவது பதினாறு தாள வட்டங்கள், ஓய்வுக்குறி ஒன்றேனும் இன்றி ஓடின. பொறிக்கு மூச்சு வாங்குவதில்லை. அதற்குத் தொண்டை வறள்வதில்லை. நாற்பது நாள் தவக்காலத்தின் சோர்வும் இல்லை. நள்ளிரவில் பசியோடு நின்று பாடும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு அவை எல்லாம் உண்டு. குரலின் எல்லையைச் சிவப்பால் காட்டும் அதே மென்பொருள், ஒரே உயரத்தில் நெடுநேரம் நிற்பதால் வரும் களைப்பைக் காட்டாது.

நான்காவது குறை நுட்பமானது. பாடலில் ஓரிடம் நம் நாட்டுப்புற ஒப்பாரியின் சாயலில் அமைந்தது. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் அந்த அசைவில்தான் அழுகை மகிழ்ச்சியாக மாறும் உணர்வு இருக்கிறது. ஐந்துகோட்டு ஏடு அதை இரண்டு சுரங்களாகப் பிரித்துக் காட்டிற்று. பொறி அவற்றைப் படிக்கட்டு ஏறுவதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தது. பொறியைக் கேட்டே பாடலைக் கற்ற இளையோரும் அப்படியே பாடினார்கள். அவர்களுள் பலருக்குத் தம் பாட்டிமாரிடம் கேட்டுப் பழகிய வழுக்கோசை இயல்பாகவே வரும். பொறிக்கு முன் நின்றதும் அதைப் பிழையென்று எண்ணி விட்டுவிட்டார்கள். நம்மை வருத்தியது இதுவே.

இவை அனைத்துக்கும் மேலான குறை ஒன்று உண்டு. இருபத்திரண்டு பக்கங்களில், பதினான்கு தடங்களில், மக்களுக்கென்று ஒரு வரிகூட இல்லை. பாடுதல் முழுவதையும் பாடற்குழுவிடமே ஒப்படைத்து மக்களை அறவே விலக்கும் வழக்கம் ஏற்கத்தக்கதன்று என்று 1967-ஆம் ஆண்டின் 'மூசிக்கம் சாக்ரம்' அறிவுரை கூறுகிறது. மூதாட்டியின் கேள்வி திருச்சபையின் அந்த அறிவுரையைத் தம் வழக்கில் சொன்னதேயன்றி வேறில்லை.

ஏட்டின் வரலாறு

அப்படியானால் ஏட்டையே மூடிவிடலாமா? ஏட்டுச் சுரைக்காய்தானே என்று ஒதுக்கிவிடலாமா? இவ்வாறு எண்ணிய நம்மைத் தடுத்தது ஏட்டின் வரலாறு.

கோடுகளின்மீது சுரங்களை இருத்தும் முறையைச் செம்மைப்படுத்தியவர், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பெனடிக்ட் சபைத் துறவி, அரெஸ்ஸோ நகரத்துக் கீதோ. அவருக்கு முன்னும் இசைக்குறிகள் இருந்தன. சொற்களின் மேல் சிறு கீற்றுகளாக எழுதப்பட்ட அவை, குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டின. எவ்வளவு ஏறுகிறது என்று காட்டவில்லை. பாடலை முன்பே அறிந்தவருக்கு அவை நினைவூட்டும். அறியாதவருக்கு ஊமையாய் நிற்கும். பத்தாண்டு பயின்றும் பாடகர் நிறைவு பெறாத நிலையை மாற்றி, ஓரிரு ஆண்டுகளில் தேர்ச்சி தர முடியும் என்று கீதோ தம் மடலொன்றில் உறுதி கூறினார். ஒருபோதும் கேட்டிராத பாடலை ஏட்டைப் பார்த்தே பாடவைப்பது அவர் நோக்கம். ஆசிரியர் இறந்தாலும் பாடல் இறவாதிருக்க அது வழி செய்தது.

நம் நாட்டிலும் இந்தக் கவலை கொண்டவர்கள் இருந்தார்கள். சென்னையில் அரசு அலுவல் பார்த்த கிறிஸ்தவரான ஏ. எம். சின்னசாமி முதலியார், தியாகராயரின் கீர்த்தனைகள் வாய்மொழியிலேயே நின்று சிதைந்து போகுமோ என அஞ்சினார். அவற்றை ஐந்துகோட்டு முறையில் எழுதி 1890-களின் தொடக்கத்தில் அச்சிடத் தொடங்கினார். சென்னைப் புதுப்பேட்டையின் 'ஆவே மரியா' அச்சகத்தில் அந்நூல் அச்சேறியது. மரியன்னையின் பெயர் தாங்கிய அச்சகத்தில் இராமபக்தரின் பாடல்கள்! இசையைக் காப்பதில் நம் முன்னோர் கொண்டிருந்த பரந்த உள்ளத்துக்கு வேறு சான்று வேண்டா. மேனாட்டுச் சேர்ந்திசையைச் சென்னையில் வளர்த்த மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் தோன்றியதும் 1893-இல்தான். மேனாட்டு ஏட்டை நம் இசைக்குக் கொணர முயன்றவரும், மேனாட்டு இசையையே இங்குப் பாட முனைந்தவரும் ஒரே நகரில், ஒரே காலத்தில் இயங்கினர்.

முதலியாரின் ஐந்துகோட்டு ஏடு கருநாடக இசையுலகில் வேரூன்றவில்லை. ஆனால் அவர் மூட்டிய தீ அணையவில்லை. எட்டயபுரத்தில் வாழ்ந்த சுப்பராம தீட்சிதரை, தம் குடும்ப வழியில் வந்த முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளை எழுதி வெளியிடுமாறு இடைவிடாது தூண்டியவர்களில் அவர் முதன்மையானவர். அதன் கனியே 1904-இல் வெளிவந்த 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. அந்நூல் சுர எழுத்துகளைக் கொண்டே அமைந்தது. அத்துடன் ஒவ்வொரு கமகத்துக்கும், அதாவது சுரத்தின் அசைவுக்கும் குழைவுக்கும், தனித்தனி அடையாளக் குறிகளை வகுத்துக் கொண்டது. நம் பாடலில் பொறி தவறவிட்ட அந்த வழுக்கோசை எழுதத் தகுந்ததே என்பதை நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே எட்டயபுரம் மெய்ப்பித்திருக்கிறது. தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் இசை மாநாடுகளைக் கூட்டி, 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டதும் இதே வழியில்தான். இவர்கள் கையில் கணினி இல்லை. ஆனால் எதை எழுதுகிறோம், எது எழுத்துக்குள் அடங்காமல் நிற்கிறது என்ற தெளிவு இருந்தது.

கேட்டு எழுதுதலும் எழுதிக் கேட்டலும்

நம் காலத்துக்கு வருவோம். 2005-இல் 'திருவாசகம்' சிம்பொனி வடிவில் வெளியானபோது, அம்முயற்சியை முன்னின்று நடத்தியது கத்தோலிக்கக் குரு ஒருவரான அருட்தந்தை ஜெகத் கஸ்பர் ராஜ் தொடங்கிய தமிழ் மையம் என்பதை வாசகர் நினைவில் வைத்திருப்பர். புடாபெஸ்ட் நகரின் இசைக்குழுவினர் மாணிக்கவாசகரை அறியார், தமிழும் அறியார். இளையராஜா எழுதித் தந்த ஏட்டை மட்டும் அறிவார்கள். அந்த ஏடே அவர்களை இணைத்தது. 2025 மார்ச் 8-ஆம் நாள் இலண்டனில் அவருடைய முதல் சிம்பொனி 'வேலியன்ட்' அரங்கேறிய போதும், தமிழ்நாட்டின் சிற்றூரில் பிறந்த ஒருவரின் எண்ணம் அந்நிய நாட்டுக் கலைஞர்களின் கைகளுக்குப் போய்ச் சேர்ந்தது ஏட்டின் வழியாகவே.

இங்கு நாம் கூர்ந்து நோக்க வேண்டிய ஒன்று உண்டு. இளையராஜா கையால் தாளில் எழுதுபவர் என்பது அனைவரும் அறிந்தது. ஒரு சுரத்தையும் ஒலிக்கக் கேட்காமலே, உள்ளத்தில் கேட்டதை அவர் எழுதுகிறார். அவர் செய்வது கேட்டு எழுதுதல். மென்பொருளின் முன் அமரும் நாம் பெரும்பாலும் செய்வது எழுதிக் கேட்டல். ஏதோ ஒரு சுரத்தை இடுகிறோம், பொறி ஒலிக்கிறது, இனித்தால் வைக்கிறோம், இல்லையேல் மாற்றுகிறோம். கற்கும் பருவத்தில் இது தவறில்லை. குழந்தையும் தட்டுத் தடுமாறியே நடக்கிறது. ஆனால் பொறியின் செவியே நம் செவியாகிவிடும் இடர் இதில் இருக்கிறது. பொறிக்கு இனித்தது நம் கோவிலில் நிற்கும் மக்களின் தொண்டைக்குப் பொருந்துமா என்ற கேள்வியை நாம் கேட்க மறந்துவிடுகிறோம். நம் இளைஞரின் இசையேட்டில் கண்ட ஐந்து குறைகளுக்கும் வேர் இந்த ஒன்றே. அவர் பாடுவோரைக் கேட்கவில்லை, பொறியைக் கேட்டார். அவருக்கு அதைச் சொல்லித் தரவேண்டிய நாமும் மக்களைக் கேட்கவில்லை.

ஒரு பழைய நோட்டுப் புத்தகம்

மூதாட்டியின் கேள்விக்குப் பின் ஒருநாள் அவருடைய இல்லம் சென்றோம். பேச்சினிடையே, இங்கு முதன்முதலாகக் குடும்பங்களைக் கூட்டிச் செபம் சொல்லிக்கொடுத்த உபதேசியாரின் பாடல்களைப் பற்றிச் சொன்னார். அந்த உபதேசியார் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய நோட்டுப் புத்தகம் கோவிலின் பூசைப்பொருள் அறை அலமாரியில் கிடந்தது. எடுத்துப் பார்த்தோம். நாற்பத்து மூன்று பாடல்கள். எல்லாம் அவர் தாமே கட்டியவை. சொற்கள் தெளிவாக இருந்தன. அவற்றின் மேல் பென்சிலால் சிறு கீற்றுகள்: மேல்நோக்கி ஒன்று, கீழ்நோக்கி ஒன்று, சில இடங்களில் வளைவு. கீதோவுக்கு முற்பட்ட துறவிகள் எழுதிய அதே வகைக் கீற்றுகள்! அறிந்தவருக்கு நினைவூட்டும், அறியாதவருக்கு ஊமை.

அறிந்தவர் இப்போது ஒருவரே. மூதாட்டிக்குப் பதினொரு பாடல்கள் நினைவிருந்தன. மற்ற முப்பத்திரண்டும் சொற்களாக மட்டுமே எஞ்சியுள்ளன. நாம் இப்பங்குக்கு வந்த முதலாண்டில் உபதேசியார் உயிரோடிருந்தார். நோயிற்பூசுதல் அளிக்க அவர் இல்லம் சென்றிருக்கிறோம். ஒரு மாலையேனும் அமர்ந்து, "ஐயா, உங்கள் பாடல் ஒன்றைப் பாடுங்கள்" என்று கேட்டதில்லை. கணினி அறையில் ஓர் இளைஞரின் பதினான்கு தடங்களைக் கேட்டுக் கண் கலங்கிய நாம், அவரைக் கேட்காமல் போக விட்டோம்.

அதன்பின் நான்கு மாலைகள் மூதாட்டி பாட, இளைஞர் எழுதினார். அங்கே புதிய சிக்கல் ஒன்று எழுந்தது. மூதாட்டி ஒரே பாடலை இருமுறை ஒரே விதமாகப் பாடவில்லை. முதன்முறை ஒரு வளைவு. மறுமுறை வேறொரு குழைவு. "இதுல எதும்மா சரி?" என்று இளைஞர் கேட்டார். "ரெண்டும் சரிதாம்ப்பா. அன்னைக்கு மனசு எப்படி இருக்கோ, அப்படி" என்றார் அவர். வாய்மொழி இசையை எழுத முனைந்த எல்லோரையும் எதிர்கொள்ளும் வினா இது. எழுதுவது என்றாலே தெரிவு செய்வது. தெரிவு செய்தால் மற்றவை விடுபடும். இறுதியில், இரு முறையிலும் மாறாது நின்ற சுரங்களை மட்டும் பெரிதாக எழுதி, மாறியவற்றைச் சிறு சுரங்களாக மேலே குறித்தோம். வழுக்கோசைக்கு ஒரு வளைகோடு இட்டோம். 'இவ்விடத்தைத் தாளைப் பார்த்துக் கற்கற்க. பெரியவரிடம் கேட்டுக் கற்க' என்று ஏட்டின் அடியில் எழுதினோம். பல பக்கங்களை நிரப்பிய மென்பொருள், இப்போது பாடலுக்கு ஒரு பக்கத்தோடு நின்றது. அந்த ஒரு பக்கம் நமக்குப் பெரிதெனத் தோன்றுகிறது.

இளைஞரின் உயிர்ப்புப் பாடலும் மறுபிறவி எடுத்தது. சொற்களை அசைப்படி பிரித்தார். சுருதியை ஒன்றரைக் கட்டை இறக்கினார். மூச்சுக்கு இடம் விட்டார். பல்லவியை நான்கு குரலின்றி ஒரே மெட்டாக்கி மக்களிடம் தந்தார். நான்கு குரலின் அழகைச் சரணங்களில் மட்டும் பாடற்குழு காட்டிற்று. பதிவிசை நீங்கியது. ஒரு கீபோர்டும் ஒரு தபேலாவும் துணை நின்றன. அடுத்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவில் கணினி ஒலித்த அந்த முழுமை இல்லை. இரண்டாம் சரணத்தில் டெனர் குரல் தவறியும் போயிற்று. ஆனால் பல்லவியைக் கோவில் முழுதும் பாடிற்று. மூதாட்டியும் பாடினார், தமக்கே உரிய ஒரு வளைவோடு பாடினார்.

பொறியும் அழியும்

கணினியில் ஏற்றிவிட்டோம், இனிப் பாடல்கள் காக்கப்பட்டன என்று நாம் நிம்மதி கொள்ளவும் இயலாது. முப்பத்தைந்து ஆண்டுகள் உலகெங்கும் இசை எழுதுவோர் நம்பியிருந்த ஃபினாலே மென்பொருளை இனி வளர்க்கப் போவதில்லை என்று அதன் நிறுவனம் 2024 ஆகஸ்டில் அறிவித்தது. அதற்கே உரிய வடிவில் பூட்டப்பட்ட ஏடுகளை வேறு வடிவுக்கு மாற்றப் பலரும் விரைந்தனர். பென்சில் கீற்றுகள் உபதேசியாரோடு ஊமையானது போல, கணினிக் கோப்புகளும் தம் மென்பொருளோடு ஊமையாகக்கூடும். எனவே எழுதும் எதையும் எல்லா மென்பொருளும் படிக்கத்தக்க மியூசிக் எக்ஸ்எம்எல் வடிவில் ஒரு படி, அச்சிட்ட தாளில் ஒரு படி, பாடிய குரலின் ஒலிப்பதிவு ஒரு படி என மூன்றாக வைப்பது அறிவுடைமை. நான்காவது படி ஒன்று உண்டு. அது அடுத்த தலைமுறையின் தொண்டையில் இருக்க வேண்டும். அது இல்லையேல் மற்ற மூன்றும் ஏட்டுச் சுரைக்காய்களே.

பழமொழிக்கு இப்போது நாம் கண்ட பொருள் இது. ஏட்டில் இருப்பதைச் சுரைக்காய் என்று கொண்டால் அது கறிக்கு உதவாதுதான். விதை என்று கொண்டு மண்ணில் இட்டால் கொடி படரும். நம் இளைஞர் முதலில் தந்த ஏட்டைக் காயென்று எண்ணி அப்படியே பரிமாறினோம். உபதேசியாரிடமிருந்த விதையையோ வாங்கி வைக்கத் தவறினோம். இரண்டும் நம் பிழைகளே.

வாசகப் பெருமக்களே, உங்கள் பங்கிலும் இப்படிப்பட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கும். அதைப் பாடத் தெரிந்தவர் ஒருவர் இன்னும் இருப்பார். கணினி அறிந்த இளைஞரும் இருப்பார். அவர்கள் மூவரையும் ஒரு மாலை ஒரே அறையில் அமர்த்துங்கள். எழுதும் ஒவ்வொரு பாடலின் தலைப்பிலும், யாரிடம் கேட்டது, எவ்வூர் வழக்கு, எந்நாள் எழுதியது என்பதைக் குறித்து வையுங்கள். நம் அலமாரியில் இன்னும் முப்பத்திரண்டு பாடல்கள் சொற்களாக மட்டுமே இருக்கின்றன. காட்டுப்பாக்கத்தை விட்டு வேறெங்கோ குடிபெயர்ந்த எவரேனும் அவற்றில் ஒன்றை நினைவில் வைத்திருக்கக்கூடும். அவர் இதைப் படிக்க நேர்ந்தால், ஒருமுறை வந்து பாடிச் செல்ல வேண்டுகிறோம்.